அது வேறு விஷயம்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 43. சுயகட்டுப்பாடு என்பது அறவே இல்லை. காலை 5 மணிக்கு அலாரம் வைப்பேன். அடித்ததும் அணைத்துவிட்டு 6 மணி வரை தூங்குவேன். நடைப்பயிற்சி ஒரு வாரம் தாண்டாது. ராத்திரி செல்போனைத் தொடமாட்டேன் என்று சபதம் போடுவேன். பன்னிரண்டு மணிக்கும் கையில் அதுதான் இருக்கும். என்னோடு வேலையில் சேர்ந்தவர்கள் எங்கேயோ போய்விட்டார்கள். "முடியாததை ஏன் ஆரம்பிக்கிறீங்க?" என்கிறாள் மனைவி. தவறுகிற ஒவ்வொரு நாளும் என்னை நானே வாய்விட்டுத் திட்டிக்கொள்கிறேன், அப்படியும் புத்தி வரவில்லை. நேற்று என் பத்து வயது மகள்கூட ஒரு கணக்கு தப்பாகிவிட்டதென்று, "நான் எதுக்குமே லாயக்கில்லை" என்று தலையில் அடித்துக்கொண்டாள், அது வேறு விஷயம். ஒரு அலாரத்துக்கு எழ முடியாதவன் எதைச் சாதிக்கப் போகிறான்? கட்டுப்பாடு வர வழி சொல்லுங்கள்.

- பெயர் வேண்டாம்

அன்புள்ள நண்பருக்கு,

அலாரம், செல்போன் எல்லாம் இருக்கட்டும். வேறு விஷயம் என்று தள்ளிவிட்டுப் போனீர்களே, விஷயமே அதுதான். அந்தப் பேச்சை மகள் யாரிடம் கற்றாள்? வீட்டில் வாய்விட்டுத் திட்டிக்கொள்பவர் யாரென்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். திட்டிக்கொள்வதைத்தான் நீங்கள் கட்டுப்பாடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். திட்டி முடித்ததும் அபராதம் கட்டிவிட்ட நிம்மதி வந்துவிடுகிறது. அப்புறம் எதற்கு நடக்கப் போக வேண்டும்? 6 மணிக்குத்தான் எழுந்தீர்கள், சரி. அப்போதே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கலாமே! 5 மணி தவறியதற்காக அன்றைய நாளையே கைகழுவிவிடுகிறீர்கள்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பிலிப்பா லாலி குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதுச் செயல் பழக்கமாக ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாட்கள் வரை ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. நீங்களோ முதல் வாரத்திலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறீர்கள்.

அலாரத்தை 6 மணிக்கே வையுங்கள். ஒருநாள் தவறினால் மகள் காதில் விழும்படி, "இன்னைக்கு விட்டுப்போச்சு, சாயங்காலம் போறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். சொன்னபடி போங்கள். முதலில் நாடகம் போலத்தான் இருக்கும், பரவாயில்லை.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் கணக்கு எந்த வரியில் பிசகியது என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். தலையில் அடித்துக்கொள்வது தொடர்ந்தால் குழந்தைகள் மனநல ஆலோசகர் ஒருவரிடம் அழைத்துப் போங்கள்.