மோட்டார்ஹோமின் பின்னால் சின்ன காரைக் கட்டி இழுத்துக்கொண்டு பிரான்ஸ், ஸ்பெயின் போகலாமா?

கேட்டிருப்பது இதுதான்: பிரிட்டனில் பதிவான மோட்டார்ஹோம் (படுக்கை, சமையலறை உள்ள வீட்டு வண்டி), பின்னால் ஏ-ஃப்ரேமில் (காரின் முன்பக்கத்தில் மாட்டி, சக்கரங்கள் தரையில் உருள இழுக்கும் முக்கோணச் சட்டம்) டொயோட்டா அய்கோ போல ஒரு சின்ன கார், பிரான்ஸின் கலே துறைமுகத்தில் இறங்கி ஸ்பெயின் வரை பயணம். பிரிட்டனுக்குள் மட்டும் சுற்றுவதென்றால் ஏ-ஃப்ரேம் போதும். ஸ்பெயின் என்றால் நாலு சக்கரமும் தரையில் படாமல் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போவதுதான் சரி.

ஏ-ஃப்ரேமில் மாட்டிய காரை பிரிட்டன் அரசு டிரெய்லராகவே கணக்கில் எடுக்கிறது. 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் வேலை செய்தாக வேண்டும். அய்கோ 800 கிலோவுக்கு மேல்; ஆக பிரேக் கட்டாயம். ஸ்பெயினில் கதை வேறு. ஒரு மோட்டார் வண்டி இன்னொன்றை இழுப்பதற்கு அங்கே அனுமதி பழுதாகி நின்ற வண்டியை அப்புறப்படுத்த மட்டுமே. ஜெர்மனியிலும் வாகன விதிகளின் 33-ஆம் பிரிவு, மோட்டார் வண்டியாகச் செய்த ஒன்றை டிரெய்லராக ஓட்டக்கூடாது என்கிறது. தனி அனுமதி வாங்கினால்தான் உண்டு. "சாலைப் போக்குவரத்துக்கான சர்வதேச வியன்னா உடன்படிக்கைப்படி எங்கள் ஊரில் செல்லுவது இங்கேயும் செல்லும்" என்று ஏ-ஃப்ரேம் விற்பவர்கள் சொல்வார்கள். சாலையோரத்தில் நிறுத்தி அபராதச் சீட்டு எழுதும் போலீஸ்காரரிடம் அந்த வாதம் எடுபடும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள்.

சட்டத்தை விட்டாலும் ஏ-ஃப்ரேமில் ஒரு தொல்லை உண்டு. ரிவர்ஸ் எடுத்தால் காரின் முன்சக்கரங்கள் தாமாகவே ஒரு பக்கம் முழுக்கத் திரும்பிக்கொள்ளும். குறுகிய சந்தில் மாட்டினால் இறங்கி, கழற்றி, காரைத் தனியே நகர்த்தத்தான் வேண்டும்.

டிரெய்லர் என்று முடிவானதும் முதல் வேலை, மோட்டார்ஹோமின் எடைத் தகட்டைப் பார்ப்பது. மேலிருந்து கீழாக நாலு எண்: வண்டியின் அதிகபட்ச எடை, டிரெய்லரோடு சேர்த்த மொத்த எடை, முன் அச்சு, பின் அச்சு. முதல் எண் 3500, இரண்டாவது 5500 என்றால், வண்டி முழுச் சுமையில் இருக்கும்போது 2000 கிலோ வரை இழுக்கலாம். கார் 850, டிரெய்லர் 350, மொத்தம் 1200, தாராளம். முதல் இரண்டு எண்ணும் ஒன்றாகவே இருந்தால் இழுக்கவே கூடாது என்று பொருள். டிரெய்லரை மாட்ட வண்டியின் பின்னால் பொருத்தும் டோபார் என்ற கம்பியிலும் தனியாக ஒரு தகடு இருக்கும். இரண்டில் எது குறைவோ அதுதான் வரம்பு.

பெரும்பாலானோர் கோட்டை விடுவது பின் அச்சில். டிரெய்லரின் முன்முனையில் உள்ள கப்ளிங் என்ற பூட்டு, டோபாரில் உள்ள டோபால் என்ற உருண்டையின் மேல் அழுத்தும் எடை, டிரெய்லர் எடையில் 5 முதல் 7 சதவீதம் இருப்பது நல்லது. 1200 கிலோவுக்கு ஏறக்குறைய 75 கிலோ வைத்துக்கொள்வோம். மோட்டார்ஹோமின் பின்பகுதி அச்சைத் தாண்டி நீளமாக நீட்டிக்கொண்டிருப்பதால் அது நெம்புகோலாகிவிடும். அச்சுகளுக்கு இடையே 4 மீட்டர், பின் அச்சிலிருந்து டோபால் 2.3 மீட்டர் என்றால், பின் அச்சில் ஏறுவது 75 அல்ல, 118 கிலோ. கூடவே முன் அச்சிலிருந்து 43 கிலோ குறையும். முன்சக்கர இழுவை வண்டி ஈரப் புல்லில் சுழன்றுகொண்டே நிற்பது இதனால்தான். தண்ணீர்த் தொட்டி, சைக்கிள், டோபாரின் சொந்த எடை எல்லாம் அதே பின் அச்சில்தான். சாமான்களை எல்லாம் ஏற்றிய பிறகு எடைமேடையில் ஒவ்வொரு அச்சாக நிறுத்திப் பாருங்கள்.

அழுத்தம் சரியில்லையென்றால் காரை டிரெய்லரில் முன்னேயோ பின்னேயோ நகர்த்தினால் போதும். கப்ளிங்கிலிருந்து டிரெய்லர் அச்சு 3.5 மீட்டர் என்றால், 850 கிலோ காரை 10 சென்டிமீட்டர் நகர்த்தினாலே 24 கிலோ மாறும். சரியான இடம் கிடைத்ததும் அங்கே சக்கரத் தடுப்பை நிரந்தரமாகப் பொருத்திவிடுங்கள். ஸ்மார்ட் ஃபோர்டூ போல எஞ்சின் பின்னால் உள்ள காரில் கனம் பின்னோக்கிப் போகும். டோபாலை அழுத்துவதற்குப் பதில் தூக்க ஆரம்பித்தால் வேகத்தில் டிரெய்லர் பாம்புபோல் ஆடும்.

கட்டும்போது ஸ்ட்ராப் சக்கரத்தின் மேல் சுற்றி வரட்டும். பாடியில் மாட்டினால் குலுங்கும்போது சஸ்பென்ஷன் அமுங்கி ஸ்ட்ராப் தளர்ந்துவிடும். கிளம்பி 15, 20 கிலோமீட்டரில் நிறுத்தி ஸ்ட்ராப்பை இறுக்கும் நாலு ராட்செட்டையும் ஒருமுறை இறுக்குங்கள். டிரெய்லர் கழன்றுவிட்டால் அதன் பிரேக்கைப் பிடிக்கவைக்கும் பிரேக்அவே கேபிளை டோபால் கழுத்தில் சும்மா வளையமாகப் போடாமல், டோபாரில் அதற்கென உள்ள துளையில் மாட்டுங்கள்.

உரிமத்தைப் பொறுத்தவரை, 3.5 டன் வரையிலான மோட்டார்ஹோமோடு 3.5 டன் வரையிலான டிரெய்லரை இழுக்க 2021 டிசம்பர் 16 முதல் பிரிட்டனின் சாதாரண பி வகை (கார்) உரிமமே போதும். மோட்டார்ஹோம் 3.5 டன்னைத் தாண்டி, டிரெய்லரும் 750 கிலோவைத் தாண்டினால் சி1இ என்ற தனி வகை உரிமம் வேண்டும்.

கப்பல் கட்டணம் நீளத்தைப் பொறுத்தது. டிரெய்லரின் இழுகம்பியையும் சேர்த்துச் சொல்லுங்கள். துறைமுகத்தில் அளந்து பார்ப்பார்கள். பிரான்ஸ் டோலில் மோட்டார்ஹோம் 3 மீட்டர் உயரத்துக்கும் 3.5 டன்னுக்கும் உட்பட்டதென்றால் டிரெய்லரோடும் இரண்டாம் வகுப்புதான். அதைத் தாண்டிய இரண்டு அச்சு வண்டி, டிரெய்லர் சேர்ந்ததும் மூன்றிலிருந்து நான்காம் வகுப்புக்கு ஏறிவிடும். ஜெர்மனியில் டிரெய்லரோடு பொதுவாக 80 கிலோமீட்டர் வேகம்தான். ஸ்பெயினில் மொத்த நீளம் 12 மீட்டரைத் தாண்டினால் பின்னால் சிவப்பு விளிம்பிட்ட மஞ்சள் பலகை வேண்டும், 7.3 மீட்டர் மோட்டார்ஹோமும் 4.8 மீட்டர் டிரெய்லரும் சேர்ந்தாலே அந்தக் கோட்டைத் தாண்டியாயிற்று. யுகே ஸ்டிக்கரும் அங்கே கட்டாயம். பழைய ஜிபி ஸ்டிக்கர் செல்லாது.

கேம்ப்சைட்டை முன்பதிவு செய்யும்போதே டிரெய்லரை எங்கே நிறுத்துவது என்று கேட்டுவிடுங்கள். பல இடங்களில் பிட்சில், அதாவது உங்களுக்கு ஒதுக்கிய இடத்தில், மோட்டார்ஹோமும் காரும் நிற்கும். காலி டிரெய்லரை வேறு மூலைக்குக் கையால் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கும். அதற்காகவே டிரெய்லரின் முன்முனையைத் தாங்கும் சின்னச் சக்கரமான ஜாக்கி வீலை நல்ல தடித்ததாகப் பார்த்து வாங்குங்கள். ஒரே இடத்தில் இரண்டு வாரம் தங்குகிற திட்டமென்றால் டிரெய்லருக்கான செலவையும் அங்கே கார் வாடகைக்கு எடுப்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அநேகமாக வாடகைக் கார்தான் மலிவு. மாதக்கணக்கில், இடம் மாறி மாறிச் சுற்றுபவர்களுக்குத்தான் இந்த ஏற்பாடு கட்டுப்படியாகும்.