308 ரவைக்குரிய மருந்தளவ 7.62 நேட்டோ கோதுக்கும் போடலாமோ?

ஹேண்ட்லோடிங் எண்டா வெறுங்கோதுக்குள்ள மருந்தும் குண்டும் திரும்ப ஏத்திறது, கனடாவில வேட்டைக்குப் போற எங்கட ஆக்களும் கேக்கிற விசயம். 308 வின்செஸ்டர் எண்டது 1952இல வந்த வேட்டை ரவை, 7.62 நேட்டோ எண்டது 1954இல வந்த ஆமி ரவை, வெளியில பாத்தா ரெண்டும் ஒண்டுதான், ஆனா ஆமிக்கெண்டு செய்த கோது பெரும்பாலும் தடிப்பு, அப்ப உள்ளுக்க இடம் குறைவு, அதே மருந்தைப் போட்டா அமுக்கம் எகிறும். வற்றாப்பளைப் பொங்கல் அரிசிய சின்னப் பானையில போட்டா என்ன நடக்கும்? இதில பானைக்கு மூடியும் இறுக்கம், அதுவும் உங்கட முகத்துக்குக் கிட்ட. அந்தக் கோதுக்கெண்டே கையேட்டில இருக்கிற டேட்டாவை எடுத்து ஆகக்குறைஞ்ச அளவில தொடங்குங்கோ, துவக்குப் பரல்ல எந்த ரவையின்ர பேர் அடிச்சிருக்கெண்டும் பாருங்கோ, ஏனெண்டா நேட்டோ சேம்பர், அதாவது பரலுக்குள்ள ரவை இருக்கிற இடம், சொட்டு நீளம்.

"சேம்பருக்குள்ள போகுதுதானே" எண்டுவினம். போகும், அது அளவு பொருந்துது எண்டு மட்டும்தான் காட்டும், அமுக்கம் தாங்கும் எண்டில்ல.