வாசகர் கேள்வி பதில்: புகை தெரியலன்னா காத்து சுத்தமா?

கேள்வி: சார், என் வண்டியில கறுப்புப் புகை துளிகூட வராது. அப்போ நான் காத்தைக் கெடுக்கலன்னு நிம்மதியா இருக்கலாமா?

பதில்: இருக்க முடியாதுங்க. கறுப்பா தெரியறது சரியா எரியாம மிச்சமான கரி, அது கண்ணுக்குத் தெரியறதால திட்டு வாங்குது, மத்ததெல்லாம் சத்தமில்லாம வெளிய போயிட்டிருக்கு. எஞ்சினுக்குள்ள சூடு ஏறும்போது நாம சுவாசிக்கிற காத்துல இருக்கற நைட்ரஜனே ஆக்சிஜனோட சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடா மாறிடும், எவ்வளவு சுத்தமான பெட்ரோல் போட்டாலும் இது வரத்தான் செய்யும். இப்போ வர்ற வண்டிங்கள்ல இருக்கற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்ங்கற புகையைச் சுத்தம் பண்ற கருவி இதை நிறையவே குறைக்குது, ஆனா அது நல்லா சூடானாத்தான் வேலை செய்யும், அதனால ஸ்டார்ட் பண்ணின முதல் சில நிமிஷம் வர்ற புகைதான் ரொம்ப மோசம்.

அதோட பிஎம் 2.5ன்னு சொல்ற நுண்துகள் இருக்கு. 2.5 மைக்ரோமீட்டர், இல்ல அதுக்கும் கம்மி, நம்ம தலைமுடியோட தடிமன்ல சுமார் முப்பதுல ஒரு பங்குதான். பெரிய தூசியா இருந்தா மூக்கும் தொண்டையும் புடிச்சு நிறுத்திடும், தும்மலோ சளியோ வந்து வெளிய போயிடும். இது அப்படி சிக்காம மூச்சுக்குழாயெல்லாம் தாண்டி நுரையீரலோட கடைசியில இருக்கற குட்டிக்குட்டி காத்துப்பைக்குள்ள போய் உக்காந்துக்குது, அங்கேருந்து தள்ளி வெளியேத்த சளிப்படலமும் கிடையாது, பையோட சுவர் அவ்வளவு மெல்லிசு, சுவருக்கு அந்தப் பக்கம் ரத்தம் ஓடுது. ரொம்பப் பொடிசா இருக்கறது ரத்தத்துலயே கலந்துடும். அதனாலதான் காத்து மாசுன்னா ஆஸ்துமா மட்டும்தான்னு நினைக்காதீங்கன்னு திரும்பத் திரும்பச் சொல்றேன், மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் இது பெரிய காரணம். உலக சுகாதார நிறுவனம் 2005ல வருஷ சராசரி ஒரு கன மீட்டர் காத்துக்கு 10 மைக்ரோகிராம் வரைக்கும்னு சொல்லியிருந்தாங்க, 2021ல அதையே 5ஆ குறைச்சிட்டாங்க. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும்னு 2012லயே உறுதியா அறிவிச்சாச்சு.

கேள்வி: அனல்மின் நிலையம் எங்கயோ தூரத்துல இருக்கு, புகைபோக்கியும் அவ்வளவு உயரம். நமக்கு என்ன பாதிப்பு வரப்போகுது?

பதில்: உயரமா கட்டினா பக்கத்துல இருக்கறவங்க மேல விழறது குறையும், அவ்வளவுதான், காணாம எல்லாம் போயிடாது. நிலக்கரியில இருக்கற கந்தகம் எரிஞ்சு சல்ஃபர் டை ஆக்சைடா மேல போகுது, போற வழியிலயே சல்ஃபேட் நுண்துகளா மாறி நூத்துக்கணக்கான கிலோமீட்டர் போகும், மழையில கரைஞ்சா அமில மழை. ஸ்வீடன், நார்வே ஏரிகள்ல மீனெல்லாம் அழிஞ்சதுக்கு பிரிட்டன் மாதிரி மத்த நாட்டு நிலக்கரிப் புகையும் காரணம்னு தெரிஞ்ச பிறகுதான், 1979ல ஜெனீவாவுல எல்லை தாண்டிப் போற காத்து மாசுக்குன்னே ஒரு ஒப்பந்தம் போட்டாங்க.

கேள்வி: ஓசோன் நம்மளக் காப்பாத்துதுன்னு ஸ்கூல்ல படிச்சோம், இப்போ அதுவும் மாசுன்னு சொல்றாங்களே?

பதில்: ரெண்டும் ஒரே வாயுதான், இருக்கற இடம்தான் வேற. மேல இருக்கறது புற ஊதாக் கதிரைத் தடுக்குது. கீழ இருக்கறது எந்தக் குழாய்லேருந்தும் நேரா வர்றதில்ல, நைட்ரஜன் ஆக்சைடும் எரிபொருள் ஆவியும் வெயில்ல சேர்ந்து உருவாகுது, அதனால நல்ல வெயில் நாள்ல மத்தியானத்துக்கு மேலதான் அதிகம். நுரையீரலை எரிச்சலாக்கும், பயிரையும் கெடுக்கும்.

கேள்வி: இதையெல்லாம் குறைக்க முடியும்னு நிஜமாவே நம்பறீங்களா?

பதில்: நம்பறேங்க, நடந்திருக்கு. 1952 டிசம்பர்ல லண்டன்ல அஞ்சு நாள் நிலக்கரிப் புகையும் பனியும் சேர்ந்து அப்படியே நின்னுடுச்சு, அப்போ போட்ட கணக்குலயே சுமார் 4000 பேர் செத்தாங்க, பின்னாடி வந்த ஆய்வுங்க 12000 வரைக்கும் சொல்லுது. 1956ல சட்டம் வந்துச்சு, நகரத்துல கரி எரிக்கறது படிப்படியா குறைஞ்சுது. பெட்ரோல்ல கலந்த ஈயத்தையும் ஒவ்வொரு நாடா நிறுத்திக்கிட்டே வந்து, கடைசியா அல்ஜீரியா 2021ல நிறுத்துச்சு.

கேள்வி: அதுவரைக்கும் மாஸ்க் போட்டுக்கிட்டா போதுமா?

பதில்: துணி மாஸ்க் நுண்துகளுக்குப் பெருசா உதவாது. என்95 முகத்தோட இடைவெளி இல்லாம ஒட்டியிருந்தா நுண்துகளை நல்லாத் தடுக்கும், ஆனா வாயுவைத் தடுக்காது. முக்கியமா கார்பன் மோனாக்சைடு, அதுக்கு வாசனையும் கிடையாது நிறமும் கிடையாது, ரத்தத்துல ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல இறுக்கமா ஒட்டிக்கும். அதனால மூடின இடத்துல ஜெனரேட்டரோ வண்டியோ ஓடவே கூடாது, ஓடற இடத்துல தலைவலி, மயக்கம் மாதிரி இருந்தா யோசிக்காம உடனே வெளிய வந்துடுங்க.