செம்பூர் டீச்சர் பதில்கள்: ஓசோன் ஓட்டை என்ன ஆச்சு?

சின்ன வயதில் காற்றையும் தண்ணீரையும் நினைத்து எதற்குப் பயந்தீர்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். பெரியவர்களைவிடப் பேரப்பிள்ளைகள்தான் அதிகம் எழுதியிருக்கிறார்கள். வேதியியல் பாடம் நடத்தியவள் என்பதால் சில பதில்கள் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: "ஓசோன் ஓட்டைன்னு எங்க காலத்துலயும் பயமுறுத்தினாங்க, ஒண்ணும் ஆகலை. இப்ப பூமி சூடாகுதுன்னு சொல்றதும் அப்படித்தான்" என்கிறார் தாத்தா. அவருக்கு என்ன பதில் சொல்வது டீச்சர்? (கல்லூரி மாணவி, டோம்பிவிலி)

ப: பயமுறுத்தினார்கள் என்பது உண்மைதான் அம்மா. ஒன்றும் ஆகவில்லை என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நிறைய நடந்தது. தாத்தா வீட்டு ஃப்ரிட்ஜுக்குள்ளேயே நடந்தது, அவருக்குத் தெரியவில்லை.

ஃப்ரிட்ஜிலும் ஸ்பிரே டப்பாவிலும் இருந்த குளோரோஃப்ளூரோகார்பன் வாயு வானத்தின் மேலடுக்குக்குப் போய் உடையும், அதிலிருந்து பிரியும் குளோரின், சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுக்கிற ஓசோனைத் தின்றுவிடும் என்று 1974-ல் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். ஒரே ஒரு குளோரின் அணு ஆயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கும். அந்த வாயுவைத் தயாரித்தவர்கள், கணக்கு போதாது, ஆதாரம் காட்டு என்றார்கள். 1985-ல் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் அண்டார்டிகாவின் தலைக்கு மேலே ஓசோன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்தே காட்டிவிட்டார்கள். 1987-ல் அந்த வாயுவைக் குறைக்க உலக நாடுகளின் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. 1992-ல் இந்தியா சேர்ந்தது. நம்மைப் போன்ற நாடுகளுக்குக் கூடுதல் அவகாசமும், ஆலைகளை மாற்றிக்கொள்ளப் பணமும் கொடுத்தார்கள். 2010-க்குள் அந்த வாயுவின் உற்பத்தி உலகம் முழுக்க ஏறக்குறைய நின்றுபோனது.

இதைப் பாடமாக நடத்தியபோது முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "எங்க வீட்டு ஃப்ரிட்ஜைத் தூக்கிப் போட்டுடலாமா டீச்சர்?" என்று கேட்டாள். வேண்டாம், ரிப்பேருக்கு வருகிறவர் பழைய கேஸை ஜன்னல் வழியே திறந்துவிடாமல் பார்த்துக்கொள் என்றேன். அவள் வீட்டில் அதைச் சொல்லி, மெக்கானிக்கிடம் சண்டையே போட்டிருக்கிறாள்! எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஓட்டை இன்னும் முழுசாக மூடவில்லை. ஒவ்வொரு செப்டம்பர், அக்டோபரிலும் திறக்கிறது. அண்டார்டிகாவுக்கு மேலே 1980-ல் இருந்த நிலை 2066 வாக்கில் திரும்பும் என்பது 2022-ஆம் ஆண்டுக்கான ஐ.நா. மதிப்பீடு. தாத்தா பயந்ததும் பொய்யில்லை, அந்தப் பயம் வேலை செய்ததும் பொய்யில்லை. பூமி சூடாவது இதைவிடக் கடினம். ஃப்ரிட்ஜ் வாயுவைச் சில ஆலைகள்தான் தயாரித்தன, மாற்று வாயுவும் கிடைத்தது. கார்பன் டை ஆக்சைடு மின் நிலையத்திலிருந்து வருகிறது, ஆட்டோ ரிக்‌ஷாவிலிருந்து வருகிறது, சிமெண்ட் சூளையிலிருந்து வருகிறது. அதனால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா என்று தாத்தாவிடமே கேள்.

கே: கல்யாணமாகி மும்பையில் செம்பூருக்கு வந்திருக்கிறேன். மாமியார் இந்த ஏரியாவை "கேஸ் சேம்பர்" என்கிறார். எனக்கு அப்படிப் புகை எதுவும் தெரியவில்லையே? (வாசகி, செம்பூர்)

ப: உங்கள் மாமியார் சொல்வதை அப்படியே நம்புங்கள். செம்பூரை ஒட்டிய மாஹுலில் 1954-லும் 1955-லும் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன. 1956-ல் டிராம்பேயில் அனல் மின் நிலையம், 1965-ல் உரத் தொழிற்சாலை. எல்லாம் நம் வீடுகளுக்குத் தெற்கே. தெற்கத்திக் காற்று வீசினால் அத்தனையும் நம் சமையலறைக்குள்தான்.

நானும் உங்களைப் போலக் கல்யாணமாகித்தான் இங்கே வந்தேன். என் மாமியாரின் வெள்ளிக் குங்குமச் சிமிழ், வெள்ளிக்கிழமை விபூதி போட்டுத் தேய்த்தால் அடுத்த வெள்ளிக்குள் மூடியின் விளிம்பில் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, கடைசியில் கறுத்துவிடும். கும்பகோணத்தில் வருஷத்துக்கு ஒரு தரம் தேய்த்தாலே போதுமாம். ஹைட்ரஜன் சல்ஃபைடு வெள்ளியில் பட்டால் வெள்ளி சல்ஃபைடு என்ற கறுப்புப் படலம் உண்டாகும் என்று நான் பள்ளியில் சொல்லிக்கொடுத்ததை அவர் பூஜை அறையில் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். சிமிழைக் கறுக்க வைக்கிற காற்றைத்தானே குழந்தையும் சுவாசிக்கிறது என்று ஒருநாள் கேட்டார். எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்க்காத கேள்வி அது.

ஒரு ஆலையின் புகைபோக்கியிலிருந்து ஆரஞ்சு கலந்த மஞ்சளாகப் புகை வரும். நைட்ரஜன் டை ஆக்சைடு. துணி காயப்போட்ட பெண்கள் அதைப் பார்த்ததும் கொடியிலிருந்து உருவிக்கொண்டு ஓடுவார்கள். 1984 டிசம்பரில் போபால் விஷவாயுச் செய்தி வந்த பிறகு அந்த வாடை வேறு வாடையாகிவிட்டது. ராத்திரி மூக்கில் லேசாக ஏறினாலும் எழுந்து உட்கார்ந்துகொள்வோம். குழந்தைகளை மாட்டுங்காவில் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு அனுப்பிவைத்த குடும்பங்களும் உண்டு. 1981-லேயே காற்று மாசுத் தடுப்புச் சட்டம் வந்திருந்தது. போபாலுக்குப் பிறகு, 1986-ல், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் வந்தது.

இப்போது மஞ்சள் புகை கண்ணில் படுவதில்லை, அது நிஜமான முன்னேற்றம். ஆனால் பென்சீன் போன்ற நச்சு ஆவிகளுக்கு நிறம் கிடையாது. மாஹுல் சுற்றுவட்டார மக்களின் உடல்நலத்துக்குக் காற்றினால் ஆபத்து என்பதை தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகும் மும்பைக்குக் குடிநீர் கொண்டுவரும் தான்சா குழாய்க்கரையில் வீடிழந்த ஏழைகளைக் கொண்டுபோய் அங்கேதான் குடிவைத்தார்கள். அங்கே இருக்க முடியாதவர்களுக்கு மாதம் 15,000 ரூபாய் வாடகை கொடுங்கள் என்று 2019-ல் உயர்நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கே: பெட்ரோலில் ஈயம் என்றார்களே, அது போய்விட்டதா? (வாசகர், மாட்டுங்கா)

ப: போய்விட்டது. இந்தியாவில் 2000 பிப்ரவரி 1 முதல் ஈயமில்லாத பெட்ரோல்தான். உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். சயான் சிக்னலில் பஸ்ஸுக்குக் காத்திருந்த நம் பிள்ளைகள் வருஷக்கணக்காக அதைத்தான் சுவாசித்தார்கள்.

கே: நாம் பயப்படாமல் கோட்டை விட்டது ஏதாவது உண்டா அம்மா? எனக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. (வாசகர், தாராவி)

ப: பிணந்தின்னிக் கழுகுகள், ஐயா. உங்கள் கடிதத்தைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது.

தேவனார் இறைச்சிக்கூடத்துக்கு மேலே அவை வட்டமடிக்கும். மலபார் ஹில்லில் பார்சிகள் இறந்தவர் உடலைக் கழுகுகளுக்காக வைக்கும் அமைதிக் கோபுரத்தில் அவற்றுக்குத் தனி இடமே இருந்தது. எங்கே பார்த்தாலும் இருந்த பறவை, அதற்கு யார் பயப்படுவார்கள்? புலிக்குப் பயந்தோம், 1973-ல் புலிகள் காப்புத் திட்டமும் வந்தது. கழுகை யாரும் எண்ணக்கூட இல்லை. 1990-களின் பிற்பகுதியில் ராஜஸ்தானின் பரத்பூரில் எண்ணிப் பார்த்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர்தான் அதிர்ந்துபோனார்கள். 1992-லிருந்து 2007-க்குள் வெண்முதுகுக் கழுகுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் போய்விட்டன.

பூச்சிமருந்தோ தொற்றுநோயோ என்று தேடினார்கள். கடைசியில் மாட்டின் வலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக் ஊசி என்று 2004-ல் தெரிந்தது. நம் முட்டிவலிக்குச் சாப்பிடுகிறோமே, அதே மருந்து. ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் நின்றுவிடும். உள்ளுறுப்புகள் மேல் யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளையாகப் படிந்துவிடும். 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடைசெய்யப்பட்டது. பார்சிகள் கோபுரத்தில் சூரிய ஒளியைக் குவிக்கும் கண்ணாடிகள் வைத்தார்கள். கழுகுகள் திரும்பவில்லை. உங்கள் பேரனிடம் அவை எப்படி இறங்கும், எப்படிச் சண்டை போடும் என்று சொல்லுங்கள். நம் தலைமுறைக்குப் பிறகு இந்த ஊரில் அதைப் பார்த்துச் சொல்ல ஆள் இருக்காது.

கே: பத்து வயதுப் பேத்தி செய்தி பார்த்துவிட்டு, "பாட்டி, நான் பெரியவளாகும்போது மும்பை கடலுக்குள்ள போயிடுமா?" என்று அழுகிறாள். இந்தப் பழைய கதைகளை அவளிடம் சொல்லலாமா? (வாசகி, முலுண்ட்)

ப: சொல்லுங்கள். பயப்படாதே என்று மட்டும் சொல்லாதீர்கள், குழந்தை நம்பாது. 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி, மித்தி நதி வீடுகளுக்குள் ஏறியதை நீங்களே பார்த்திருப்பீர்கள். விஹார் ஏரியும் பவாய் ஏரியும் நிரம்பி வழிந்து பிறக்கிற நதி அது. அதன் கரையை எப்படியெல்லாம் குறுக்கினோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிறகு அவள் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். ஒரு நோட்டு வாங்கி, குப்பை எரிகிற வாடையோ ரசாயன வாடையோ வந்தால் தேதி, நேரம், எந்தப் பக்கத்துக் காற்று, கண் எரிந்ததா, இருமல் வந்ததா என்று எழுதச் சொல்லுங்கள். மாதம் முடிந்ததும் நீங்கள் கையெழுத்துப் போட்டு மகாராஷ்டிர மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்புங்கள், ஒரு நகலை வார்டு அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். "ரொம்ப நாற்றம்" என்று எழுதினால் ஓரமாக வைத்துவிடுவார்கள். நேரமும் காற்றின் திசையும் இருந்தால் பதில் சொல்லியாக வேண்டும். பேத்தியின் முதல் பக்கத்தை எனக்கும் அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.