வலேட்டாவில் ஒன்பது மணி நேரம்: ஏறுவது ஒரு தடவை, இறங்குவது ஒரு தடவை

கேள்வி: அக்டோபரில் குடும்பத்தோடு மத்தியதரைக் கடல் க்ரூஸ் போகிறோம். மால்டாவின் வலேட்டாவில் கப்பல் காலை 8 முதல் மாலை 5 வரை நிற்கிறது. அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. கப்பலிலேயே விற்கும் சுற்றுலாவுக்குப் பணம் கட்டணுமா, நாங்களாகவே பார்த்துவிடலாமா?

பதில்: நீங்களாகவே பார்க்கலாம். பல துறைமுகங்களில் கப்பல் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம் என்று இருக்கும். வலேட்டாவில் ஊர் உங்கள் தலைக்கு மேலேயே இருக்கிறது. அதன் பரப்பும் ஒரு சதுர கிலோமீட்டருக்குள்தான். இங்கே சிக்கல் தூரமல்ல, உயரம். 1565-இல் ஒட்டோமான் (துருக்கி) படையின் முற்றுகையைத் தாங்கிய செயின்ட் ஜான் வீரர்கள் (அப்போது மால்டாவை ஆண்ட கிறிஸ்தவப் போர்வீரத் துறவிகள்), மறு வருடமே ஒரு பாறைமேட்டின் மீது கோட்டை நகரமாக இதைக் கட்டத் தொடங்கினார்கள். எதிரி ஏறக்கூடாது என்று கட்டிய ஊர்; அம்மாவின் முழங்காலுக்கும் அதே கதிதான்.

அதற்குத்தான் லிஃப்ட். கப்பல் நிற்கும் இடத்திலிருந்து கரையோரச் சாலையில் சுமார் கால் மணி நேரம் நடந்தால், 58 மீட்டர் உயர பராக்கா லிஃப்ட் வரும். கட்டணம் சொற்பம். நடக்க முடியாவிட்டால் அதுவரை டாக்ஸி பிடியுங்கள். லிஃப்ட் உங்களை நேரே மேலே அப்பர் பராக்கா தோட்டத்தில் கொண்டுபோய் விடும். உங்கள் கப்பல் நிற்கும் கிராண்ட் ஹார்பர் துறைமுகம் முழுவதும் அங்கிருந்து தெரியும்.

அங்கிருந்து செயின்ட் ஜான் பேராலயம் பெரும்பாலும் சமதளம்தான். வெளியே பார்த்தால் கிடங்கு மாதிரி இருக்கும். ஏமாந்து தாண்டிப் போய்விடாதீர்கள். உள்ளே சுவரெல்லாம் பொன் வேலைப்பாடு, தரையெல்லாம் வீரர்களின் வண்ணப் பளிங்குக் கல்லறைகள், கிட்டத்தட்ட 400. இத்தாலிய ஓவியர் கரவாஜியோ 1608-இல் வரைந்த, திருமுழுக்கு யோவானின் தலை வெட்டப்படும் ஓவியம் இங்கேதான் இருக்கிறது. அவருடைய ஓவியங்களில் மிகப் பெரியது. அவர் கையெழுத்திட்டதாகத் தெரிவதும் இது ஒன்றுதான். ஒரே ஒரு இடத்துக்குத்தான் டிக்கெட் என்றால் என் ஓட்டு இதற்கே. ஞாயிற்றுக்கிழமை சுற்றிப்பார்க்க விடமாட்டார்கள். உங்கள் கப்பல் வரும் கிழமையை இப்போதே பார்த்துவிடுங்கள். தோள் மூடிய உடை வேண்டும். கூர்மையான ஹீல்ஸ் கூடாது, பளிங்கு கீறிவிடும்.

12 மணிக்குள் தோட்டத்துக்குத் திரும்பிவிடுங்கள். கீழ்த்தளத்தில் வரிசையாக நிற்கும் பீரங்கிகளில் ஒன்றைத் தினமும் நண்பகலில் சுடுவார்கள். மேலே பெஞ்சில் உட்கார்ந்தபடியே அம்மா கேட்கலாம் (காதைப் பொத்திக்கொள்ளச் சொல்லுங்கள்). ஊரின் முக்கியத் தெருவான ரிபப்ளிக் வீதியில், மறுமுனையில் இருக்கும் எல்மோ கோட்டை வரை போகும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். குறுக்குத் தெருக்கள் பலவும் படிக்கட்டுகள்தான்.

சைவம் என்றால் பட்டாணி அல்லது ரிக்கோட்டா வைத்த பஸ்டிட்ஸி கிடைக்கும், மடிப்பு மடிப்பான பஃப்ஸ் மாதிரி. மாவில் பன்றிக் கொழுப்பு சேர்த்தார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

லிஃப்டில் இறங்கியதும் பக்கத்திலேயே படகுத்துறை. எதிர்க்கரையில் உள்ள மூன்று நகரங்களுக்குச் சிறு பயணிகள் படகு போகிறது. பிற்பகல் வெயிலில் வலேட்டாவின் மதில்களைத் தண்ணீரிலிருந்து பார்ப்பதற்கே அந்தக் காசு தகும். அம்மாவுக்கு உட்கார்ந்தே பார்க்கும் சுகம்.

கப்பல்காரர்களின் சுற்றுலாவுக்கு ஒரு நியாயமான காரணம் உண்டு: அவர்கள் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், நீங்கள் தாமதமானால் காத்திருக்காது. தீவின் நடுவே இருக்கும் பழைய தலைநகரான எம்டினாவையும் பார்த்தே ஆகவேண்டும் என்றால் அதில் போங்கள். வலேட்டா மட்டும் என்றால் தேவையே இல்லை.

இன்னும் சில. மால்டா ஷெங்கனில் (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) இருக்கிறது, செலவுக்கு யூரோ. உங்கள் கப்பல் நடுவே துனிஸ் போன்ற ஷெங்கனுக்கு வெளியே உள்ள துறைமுகத்தையும் தொட்டால் மல்டிபிள் என்ட்ரி விசா கேட்டு விண்ணப்பியுங்கள். இறங்கும்போது கப்பல் அட்டையும் பாஸ்போர்ட் நகலும் கையில் இருக்கட்டும். 5 மணிக்குக் கிளம்பும் கப்பலில் அதற்கு முன்பே ஏறச் சொல்வார்கள்; அந்த நேரம் முந்தைய இரவு அறைக்கு வரும் தாளில் இருக்கும். அது கப்பலின் கடிகாரப்படி. கப்பல் கரையை விட்டதும் போனை ஃபிளைட் மோடில் போடுங்கள், கடல் நெட்வொர்க்கின் பில் கண்ணைக் கட்டும்.