சென்னையில் கடற்காற்று சில நாட்களில் தாமதமாக வருவது ஏன்?

கடற்காற்று என்பது பகலில் கடலிலிருந்து கரை நோக்கி வீசும் காற்று. வெயிலில் தரை விரைவில் சூடாகிறது. அதன் மேலுள்ள காற்று இலேசாகி மேலெழுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கடல்மேல் உள்ள குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது.

ஆனால் மே, ஜூன் மாதங்களில் சென்னைக்கு மேற்கிலிருந்தும் காற்று வருகிறது. நெடுந்தூரம் தரைமேல் வருவதால் அது வறண்டு கொதிக்கும். ஒரே கதவை இருபுறமும் இருவர் தள்ளுவது போன்ற நிலை இது. மேற்குக் காற்று தளர்ந்தால் நண்பகலிலேயே கடற்காற்று மெரினாவைத் தாண்டிவிடும். வலுத்தால் பிற்பகல் வரை உள்ளே நுழைய முடியாது. வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது பெரும்பாலும் அத்தகைய நாட்களில்தான். கடலிலிருந்து சற்றே தள்ளியிருக்கும் மீனம்பாக்கத்துக்குக் கடற்காற்று இன்னும் பிந்தியே சேரும்.

ஆகவே முன்னறிவிப்பில் வெப்பநிலையை மட்டும் பார்க்காதீர்கள். நண்பகல் காற்றின் திசையையும் பாருங்கள். வெயிலில் நின்று உழைப்பவர்களுக்கு, என் கருத்தில், அதுவே முக்கியமான தகவல்.

பகலில் கடல் குளிர்வதால் கடற்காற்று பிறக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். கடலின் வெப்பநிலை அன்று அதிகம் மாறுவதே இல்லை, தரை சூடாவதுதான் காரணம்.