வெள்ளம் வராத ஆண்டின் செலவு

கேள்வி: ஐம்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்காக அரசுகள் கால்வாய், கரை, மதகு என்று மக்கள் பணத்தைக் கொட்டுவது வீண்தானே? ஒப்பந்தக்காரர்கள்தான் கொழிக்கிறார்கள். அந்தப் பணத்தைப் பத்திரமாக வைத்திருந்து, வெள்ளம் வரும்போது பாதிக்கப்பட்டவர்களிடம் நேரடியாகக் கொடுத்துவிடலாமே?

பதில்: பணத்தை ஐம்பது ஆண்டுகள் தொடாமல் பத்திரமாக வைத்திருக்கும் அரசு எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள், நானும் அங்கே குடியேறிவிடுகிறேன்.

உங்கள் 'ஐம்பது ஆண்டு'க் கணக்கிலேயே கோளாறு இருக்கிறது. ஐம்பதாண்டு வெள்ளம் என்று பொறியாளர்கள் குறிப்பது, எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு 2 சதவீத வாய்ப்புள்ள வெள்ளத்தை. போன ஆண்டு வந்துவிட்டது என்பதற்காக இந்த ஆண்டு அது ஓய்வெடுக்காது. 30 ஆண்டுத் தவணையில் கடன் வாங்கி ஆற்றோரம் வீடு கட்டுகிறவர், கடன் தீருமுன் அப்படியொரு வெள்ளத்தை ஒருமுறையாவது பார்ப்பதற்கு ஏறக்குறைய 45 சதவீத வாய்ப்பு உண்டு. கிட்டத்தட்டப் பூவா தலையா.

கனடாவில் மானிடோபா மாகாணத்தின் தலைநகர் வினிப்பெக். 1950-இல் ரெட் ஆறு பெருகியபோது சுமார் ஒரு லட்சம் பேர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். பின்னால் முதல்வரான டஃப் ராப்ளின், ஆற்றுநீரை நகரைச் சுற்றி அனுப்ப 47 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு வெள்ளக்கால்வாய் வெட்டியே தீருவேன் என்று நின்றார். எதிர்ப்பாளர்கள் அதற்கு 'டஃபின் பள்ளம்' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். 1962-இல் தொடங்கிய வேலை 1968-இல் முடிந்தது, செலவு 6.3 கோடி கனடிய டாலர். வேலை முடிவதற்குள் ராப்ளின் பதவியை விட்டே போய்விட்டார். இன்றுவரை அந்தக் கால்வாய் தவிர்த்த சேதம் 4,000 கோடி டாலருக்கும் மேல் என்கிறது மாகாண அரசு. அரசு சொல்லும் கணக்கில் பாதியைத் தள்ளுங்கள், விலைவாசி உயர்வுக்காக இன்னும் கொஞ்சம் கழியுங்கள். அப்போதும் இப்படி லாபம் தந்த முதலீடுகள் அதிகம் இருக்காது.

1997 ஏப்ரலில் அதே ஆறு மறுபடியும் பொங்கியது. எல்லைக்குத் தெற்கே, அமெரிக்காவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரம் கரைகளையும் மணல்மூட்டைகளையும் நம்பியிருந்தது. ஏறக்குறைய ஊர் முழுவதும் காலியானது. வெள்ளம் சூழ்ந்த கடைவீதியில் தீயும் பிடித்துக் கட்டடங்கள் எரிந்தன. வினிப்பெக்கோ பெருமளவு தப்பியது.

ஆனால் ஆற்றின் குறுக்கே மதகை எழுப்பி நீரைக் கால்வாய்க்குத் திருப்பும்போது யாரோ ஒருவர் பக்கம் அது ஏறத்தான் செய்யும். கால்வாயின் தலைப்பகுதிக்கு மேலே இருந்த குடியிருப்புகளில் அந்த ஆண்டு வீடுகள் மூழ்கின. நகரத்தைக் காப்பாற்ற எங்களை நனைத்தீர்கள் என்று அவர்கள் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. அப்படி நனைபவர்களுக்கு இழப்பீடு தரச் சட்டமே பிறகு வந்தது. திட்டச் செலவில் இதையும் சேர்க்காமல் கணக்குக் காட்டும் அமைச்சரை நம்பாதீர்கள்.

இவ்வளவு லாபம் என்றால் ஏன் எல்லா அரசுகளும் செய்வதில்லை என்று கேட்பீர்கள். காரணம் நீங்கள்தான், நானும்தான். ஆண்ட்ரூ ஹீலி, நீல் மல்ஹோத்ரா என்ற இருவர் அமெரிக்கத் தேர்தல் முடிவுகளை ஆராய்ந்து 2009-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பேரிடருக்குப் பிறகு நிவாரணம் கொடுத்த கட்சிக்கு வாக்கு கூடுகிறது. பேரிடருக்கு முன்பே தயாரிப்புக்குச் செலவழித்த கட்சிக்கு எதுவும் கூடுவதில்லை. தயாரிப்பில் போடும் ஒரு டாலர் எதிர்காலச் சேதத்தில் சுமார் 15 டாலரைத் தவிர்க்கிறது என்பதும் அவர்களுடைய மதிப்பீடுதான். படகில் வந்து பொட்டலம் கொடுக்கும் தலைவரின் படம் முதல் பக்கத்தில் வரும். தண்ணீர் ஏறாத தெருவை யார் படம் எடுப்பார்கள்?

அதற்காகக் கரையை உயர்த்திக்கொண்டே போவதுதான் வெள்ளத்தடுப்பு என்று எண்ணிவிட வேண்டாம். மிசிசிப்பி ஆற்றில் கரைகள் மட்டுமே போதும் என்று அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் பல பத்தாண்டுகள் பிடிவாதம் பிடித்தார்கள். 1927-இல் கரைகள் உடைந்து சுமார் 70,000 சதுர கிலோமீட்டர் நிலம் மூழ்கிய பிறகுதான் உபரிநீர்ப் போக்கிகளுக்குச் சம்மதித்தார்கள். கரை உயர்ந்தால் அதன் பின்னால் வீடுகள் பெருகும், உடையும்போது சேதமும் பெருகும். 1993, 1995 வெள்ளங்களைக் கண்ட நெதர்லாந்து எதிர்த்திசையில் நடந்தது: நைமேகன் நகரில் கரையை 350 மீட்டர் பின்னுக்குத் தள்ளி ஆற்றுக்கே இடம் விட்டது. இதற்கும் பணம் வேண்டும். நிலம் கொடுப்பவர்களோடு பேசும் பொறுமை அதைவிட வேண்டும்.

ஒப்பந்தக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். திருட்டு நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நிவாரணப் பணத்திலும்தான் கை வைக்கிறார்கள், அதுவும் யாரும் சரிபார்க்க முடியாத அவசரத்தில். கால்வாயின் அகலத்தையாவது நாடா வைத்து அளந்துவிடலாம். எனக்கு அதிகச் சந்தேகம் தருவது தூர்வாரும் கணக்குதான். மழைக்கு நான்கு நாள் முன்பு தொடங்கி, மழை வந்ததும் 'முடிந்தது' என்று பில் போட்டால், எடுத்த மண் எவ்வளவு, எடுக்காத மண் எவ்வளவு என்று யார் சொல்வது? வேலைக்கு முன்னும் பின்னும் அளந்த ஆழத்தை, இடம் குறித்து, பணம் கொடுப்பதற்கு முன்பே வெளியிடச் சொல்லிக் கேளுங்கள். அதைக் கேட்க வெள்ளம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.